வாசகர் கேள்வி பதில்: மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகள்

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளைக் குறித்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் ஓலோனி கல்லூரியில் இரண்டாண்டு படித்தாள். எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’தான். வரும் செப்டம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யு.சி.) டேவிஸ் வளாகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டில் சேர்கிறாள். இடம் கிடைத்த அன்று துள்ளிக் குதித்தவள், இப்போது, “மற்றவர்கள் எல்லாரும் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் அம்மா, நான் கொல்லைப்புற வழியாகப் போகிறேன்” என்கிறாள். நீ கெட்டிக்காரி என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய், ஃப்ரீமாண்ட்

பதில்: பிள்ளையைப் புகழ்ந்தால் அதற்குத் தன்னம்பிக்கை வந்துவிடும் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம், ஆனால் புகழ்ச்சி அந்த வேலையை மிகக் குறைவாகவே செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை 1977-ல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்துச் சொன்னார். தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் அவற்றுள் வலியது. தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்து முடித்ததைக் காண்பது அதற்கு அடுத்தது. பிறருடைய ஊக்கமொழி அதற்கும் பின்னால்தான் நிற்கிறது. நெஞ்சு படபடப்பது, தூக்கம் கெடுவது போன்ற உடற்குறிகளுக்கு ஒருவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதும் கணக்கில் சேரும். ‘நீ கெட்டிக்காரி’ என்பது மூன்றாவது வகை. தாங்கள் அதை இன்னும் நூறு முறை சொன்னாலும் பெரிய மாற்றம் இராது.

அதே வேளையில், மகளுடைய அச்சம் வெறும் கற்பனை என்றும் சொல்லிவிட வேண்டாம். இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர்களின் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) முதல் பருவத்தில் இறங்குவதை ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965-ல் தொகுத்து எழுதினார். ‘இடமாற்ற அதிர்ச்சி’ என்ற தொடர் அப்போதிருந்து கல்வித் துறையில் புழங்குகிறது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டுவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கலைப் பாடங்களைக் காட்டிலும் கணிதம், அறிவியல் பாடங்களில் இந்த இறக்கம் கூடுதல் என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. தங்கள் மகள் உயிரியல் படிப்பதால் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இந்த இறக்கத்துக்கான காரணங்களில் பல, அறிவோடு தொடர்பில்லாதவை. கலிஃபோர்னியாவின் பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளைப் போலவே ஓலோனியிலும் செமஸ்டர் முறை. டேவிஸில் பத்து வாரங்களில் பாடம் முடிந்துவிடும் காலாண்டு முறை. யு.சி. வளாகங்களில் பெர்க்லியும் மெர்செட்டும் மட்டுமே இளநிலைப் படிப்புக்குச் செமஸ்டர் முறையை வைத்திருக்கின்றன. செமஸ்டரில் முதல் மூன்று வாரங்களை ஆசிரியரின் போக்கைப் புரிந்துகொள்ளச் செலவிடலாம். காலாண்டில் மூன்றாவது, நான்காவது வாரத்தில் முதல் இடைத்தேர்வே வந்து நிற்கும். நாற்பது பேர் இருந்த வகுப்பிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அமரும் அரங்குக்கு மாற வேண்டியிருக்கிறது. நேரடியாகச் சேர்ந்தவர்கள் இவற்றையெல்லாம் முதலாம் ஆண்டின் எளிய பாடங்களில் தடுமாறிப் பழகிக்கொண்டார்கள். தங்கள் மகள் மூன்றாம் ஆண்டின் கடினமான பாடங்களோடு சேர்த்துப் பழக வேண்டும். புதிதாகப் புகுந்த வீட்டில் உப்புச் சாடி எங்கே இருக்கிறது என்று தெரியாத மருமகளுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரேனும் முடிவு கட்டினால் அது எவ்வளவு பிழையோ, முதல் இடைத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு தன் திறமையை எடைபோடுவதும் அவ்வளவு பிழை.

ஆகவே, தேற்றுவதை விட்டுவிட்டுச் செய்வதற்கு ஏதேனும் கொடுங்கள். கோடையில் இன்னும் வாரங்கள் இருக்கின்றன. முதல் காலாண்டில் எடுக்கப்போகும் பாடங்களில் ஒன்றின் பாடத்திட்டத்தையும், ஆசிரியர் பழைய வினாத்தாள்களைப் பொதுவில் வைத்திருந்தால் அவற்றையும் எடுத்து, முதல் இரண்டு வாரப் பகுதியை மகள் இப்போதே படித்துக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். பன்னிரண்டு யூனிட் (பாடச்சுமையின் அளவு) எடுத்தாலே முழுநேர மாணவியாகக் கொள்ளப்படுவதால், முதல் காலாண்டில் பதினாறு, பதினேழு என்று ஏற்றிக்கொள்ளாமல் குறைந்த சுமையோடு தொடங்கலாம்; பட்டம் முடிக்கும் கணக்கு இடிக்காதா என்பதை மட்டும் துறை ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். டேவிஸுக்குச் சென்ற ஆண்டு இதே வழியில் போன ஒருவரையாவது தேடிப் பிடித்து அவரோடு ஒரு மணி நேரம் பேச வையுங்கள். தாங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்றால் அது இதுதான்: முதல் காலாண்டில் ஒரு ‘பி’யோ ‘சி’யோ வந்தால் வீட்டில் எவரும் முகம் சுளிக்கப்போவதில்லை. இதை மதிப்பெண் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; வந்த பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும்.

கேள்வி: என் மகன் சமுதாயக் கல்லூரியில் படித்ததை ஊரில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. இப்போது யு.சி. இர்வைனில் சேர்ந்துவிட்டதால் அதை மட்டும் சொல்கிறோம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பழைய கல்லூரியின் பெயரை எழுத வேண்டாம் என்று மனைவி கருதுகிறாள். இதில் தவறு உண்டா?
– ஒரு தந்தை, சான் ஹோசே

பதில்: விண்ணப்பத்தைப் பற்றிய விடை எளிது. வேலைக்கான சுயவிவரத்தில் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதுவது வழக்கத்தில் உள்ளதே. பட்டச் சான்றிதழிலும் மாற்றி வந்தவர் என்ற குறிப்பு எதுவும் இராது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நிலைமை வேறு. படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள். அங்கே மறைக்கக் கூடாது.

ஊரிலிருந்து மறைப்பதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் தாங்கள் கல்லூரியின் பெயரை விழுங்கும்போது பக்கத்து அறையில் இருக்கும் மகன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். தன் இரண்டாண்டு உழைப்பு வெளியே சொல்லத் தகாதது என்று வீடே தீர்ப்பளித்துவிட்ட பிறகு, பல்கலைக்கழக வகுப்பில் பக்கத்தில் இருப்பவனிடம் “நான் மாற்றி வந்தவன்” என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்?

இந்த வழி கள்ள வழியும் அன்று. கலிஃபோர்னியா 1960-ல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்தில், பள்ளி முடிப்போரில் மேல்நிலையில் உள்ள எட்டில் ஒரு பங்கினர் யு.சி.க்கும், மூன்றில் ஒரு பங்கினர் யு.சி.யிலிருந்து வேறான கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தகுதியுடையவர். எல்லோருக்கும் திறந்திருக்கும் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து இரண்டாண்டுக்குப் பின் மேலே போகலாம் என்று எழுதியே வைத்தார்கள். முதலாண்டில் சேரும் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் மாறி வருவோரைச் சேர்ப்பதை யு.சி. இன்றும் இலக்காகக் கொண்டிருக்கிறது. இன்று 116 கல்லூரிகளைக் கொண்டிருக்கும் சமுதாயக் கல்லூரி அமைப்பில் படித்து மேலே போனவர்களைத் தேடப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. மனித மரபணுத் தொகுதியை வாசித்த பணியில் முன்னின்ற கிரெய்க் வென்டர், சான் மட்டேயோ கல்லூரியில் தொடங்கி யு.சி. சான் டியேகோவுக்குப் போனவர். கிழக்குக் கரையில், விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், கார்னிங் சமுதாயக் கல்லூரியிலிருந்து சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். ஊரில் கேட்பவர்களுக்கு இவ்வளவு விளக்கம்கூடத் தேவையில்லை. கட்டணம் எவ்வளவு மிச்சமானது என்று சொன்னாலே பாதிப்பேர் வாயடைத்துப்போவார்கள். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் என்பது 2012-லிருந்து மாறாத கட்டணம்.

கேள்வி: சென்ற ஆண்டு யு.சி. சான் டியேகோவில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தேன். முதல் கணித இடைத்தேர்வில் நூற்றுக்கு 46. பள்ளியிலும் கல்லூரியிலும் அப்படி ஒரு மதிப்பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அதன்பின் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை; கேட்டால் சமுதாயக் கல்லூரி வாசனை வெளிப்பட்டுவிடும் என்று பயம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி நேரம் படிக்கிறேன். ‘சி’க்கு மேல் ஏறவில்லை. முதன்மைப் பாடத்தை மாற்றிவிடலாமா?
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, அந்தத் தேர்வில் வகுப்பின் சராசரி என்ன என்பதை நீங்கள் எழுதவே இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களின் கணித, இயற்பியல் தேர்வுகளில் சராசரியே ஐம்பதுக்கு அருகில் வருவது அரிதன்று; கிரேடும் பல வகுப்புகளில் எல்லோருடைய மதிப்பெண்களின் பரவலை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. 46 என்ற எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. அந்த வகுப்பின் இணையதளத்தில் போய்ச் சராசரியைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது 46 அன்று, சாத்திய கதவு. 1970-களில் பெர்க்லியில் கணிதம் பயிற்றுவித்த யூரி ட்ரைஸ்மன், நுண்கணித வகுப்பில் கருப்பின மாணவர்கள் பலர் ஏன் தவறுகிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். உழைப்பு குறைவு, வீட்டில் ஊக்கம் இல்லை, அடித்தளம் பலவீனம் என்று சக ஆசிரியர்கள் காரணங்களை அடுக்கினார்கள். அவர் மாணவர்களோடு பழகி, அவர்கள் படிக்கும் விதத்தையே நேரில் கவனித்தார். அந்த மாணவர்கள் ஒழுங்காக, நெடுநேரம் படித்தார்கள்; ஆனால் தனியாகப் படித்தார்கள். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்களோ முதலில் தனியே கணக்குப் போட்டுவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை மற்றவர் திருத்தி, எல்லோருக்குமே வராத கணக்கு எது என்பதையும் தெரிந்துகொண்டார்கள். தனியாகப் படிப்பவருக்கு அந்தக் கடைசிச் செய்தி கிடைக்கவே கிடைக்காது. எல்லோருக்கும் கடினமான கணக்கைத் தனக்கு மட்டும் வராத கணக்கு என்று எண்ணிக்கொள்வார்.

இதைக் கண்ட ட்ரைஸ்மன், தவறியவர்களுக்கான சிறப்பு வகுப்பு நடத்தவில்லை என்பது கவனிக்கத் தக்கது. வழக்கமான வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. ‘உனக்கு உதவி தேவை’ என்று சொல்லி அழைப்பதற்கும், ‘கடினமான வேலை இருக்கிறது, வா’ என்று அழைப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. இன்னும் ஒரு காலாண்டுக்கு முதன்மைப் பாடத்தை மாற்றாதீர்கள். அந்தக் காலாண்டில் இரண்டு பேரோடாவது சேர்ந்து வாரம் இருமுறை கணக்குப் போடுங்கள். அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே மாறி வந்தவராக இருந்தால் நல்லது. பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருக்கும் நேரத்துக்கு முதல் வாரமே போங்கள். “எனக்கு ஒன்றும் புரியவில்லை” என்று போய் நிற்பதைவிட, ஒரு கணக்கைப் பாதிவரை போட்டு எடுத்துக்கொண்டு, “இந்த வரிக்குப் பிறகு நகரவில்லை” என்று காட்டினால், கேட்கிற உங்களுக்கும் கூச்சம் இராது, சொல்கிற அவருக்கும் எளிது. இவ்வளவும் செய்த பிறகும் பாடத்தில் விருப்பமே இல்லை என்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். அப்போது அது பயத்தில் எடுத்த முடிவாக இராது.

கேள்வி: தமிழ்நாட்டிலும் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்தால் இப்படிப் பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா?
– மதுரை வாசகர்

பதில்: பெயர் ஒன்று, வேலை வேறு. தமிழ்நாட்டில் 1990-களின் நடுவில் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் வேலைத்திறன் பயிற்சி தந்து சான்றிதழோ பட்டயமோ வழங்குபவை. கலிஃபோர்னிய வழிக்கு நம்மிடம் உள்ள நெருங்கிய இணை, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் முறை. அங்கும் அச்சம் இதே சாயலில்தான் இருக்கிறது: ஓராண்டாக நட்பாகிவிட்ட வகுப்புக்குள் புதிதாக நுழைவது, முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாம் பருவக் கணிதத்தை எதிர்கொள்வது. பட்டறையிலும் ஆய்வகத்திலும் அவர்களுடைய கை மற்றவர்களைவிடத் தேர்ந்தது என்பதைப் பல ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வதே இல்லை.

கேள்வி: கிழக்கு விரிகுடாப் பகுதியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் மாணவர்களுக்குப் படிவங்களை நிரப்பக் கற்றுக்கொடுக்கிறோம். தைரியத்தைக் கற்றுக்கொடுக்க முடிகிறதா என்று தெரியவில்லை.
– ஓர் ஆசிரியை

பதில்: அம்மா, படிவங்களை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். மாறுவதைப் பற்றிய பயத்தில் ஒரு பெரும்பகுதி, எது செல்லும், எது செல்லாது என்று தெரியாத பயம். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் தானே பார்த்துத் தெரிந்துகொண்ட மாணவர், கவுன்சலரிடம் கேள்வியோடு போகிறார். பார்க்காதவர் பதற்றத்தோடு போகிறார். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்கள், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு இடத்தை உறுதி செய்யும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதற்குச் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் கனவு காணும் மாணவருக்கும் இந்த ஆறில் ஒன்று கையில் இருந்தால் அந்த இலையுதிர் பருவத்தை நிம்மதியாகப் படித்துக் கழிக்கலாம். 2010-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாற்றத்துக்கான இணைப்பட்டம் (சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டுப் பட்டம்) பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. அவர் கேட்ட வளாகமே கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பாதி உண்மை பின்னால் அவநம்பிக்கையாகத் திரும்பும்.

ஆங்கில ஆசிரியை என்பதால் தங்களுக்கு ஒரு முன்னோடி பக்கத்திலேயே இருக்கிறது. ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரியில் 1981-ல் ஓர் ஆங்கில ஆசிரியையும் ஒரு கவுன்சலரும் சேர்ந்து புவென்டே என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மெக்சிகோ வழிவந்த மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் நின்றுவிடுவது ஏன் என்று அவர்களுடைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்துப் பயிற்சி, தொடர்ந்து உடனிருக்கும் கவுன்சலர், அதே சமூகத்திலிருந்து வந்த ஒரு வழிகாட்டி ஆகிய மூன்றையும் ஒரே வகுப்பில் இணைத்தார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது இவ்வளவு கல்லூரிகளுக்குப் பரவியிருக்குமா என்பது ஐயம்.

பழைய மாணவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேச வைப்பது எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது. ஆனால் வருகிறவர்கள் வெற்றிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கும் மாணவர், ‘இவர் வேறு வகை ஆள்’ என்று எண்ணிக்கொள்கிறார். கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ‘எனக்கு இங்கே இடம் இல்லையோ’ என்ற ஐயம் முதலாண்டில் எல்லா இன மாணவர்களுக்கும் வருவது, நாளடைவில் நீங்குவது என்று மூத்த மாணவர்கள் சொன்னதைப் புதியவர்களைப் படிக்கச் செய்து, அதைத் தம் சொந்த அனுபவத்தோடு இணைத்து, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதவும் பேசவும் வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சிதான். அதில் பங்கேற்ற கருப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்றாண்டுகளில் உயர்ந்தன. ஒரே ஒரு கல்லூரியில் நடந்த ஆய்வு என்பதால் அதை மந்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கட்டுரை எழுத வைப்பது தங்கள் கையில் உள்ள வேலை. வரும் பழைய மாணவரிடம் முதல் காலாண்டில் சறுக்கிய இடத்தைப் பற்றிப் பேசும்படி கேளுங்கள். பிறகு தங்கள் மாணவர்களை, அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அறிவுரை எழுதுகிறவர்தான் அதை முதலில் நம்பத் தொடங்குகிறார்.

கேள்வி: பெர்க்லியில் சேரும் என் மகன் யூனியன் சிட்டி வீட்டிலிருந்தே பார்ட் ரயிலில் போய்வரலாம் என்கிறோம். விடுதியில் தங்காவிட்டால் ஒதுங்கிப்போய்விடுவானோ?
– ஒரு தாய், யூனியன் சிட்டி

பதில்: ரயில் மாறாமலே போய்விடலாம் என்பதால் விடுதிச் செலவை மிச்சப்படுத்த நினைப்பதில் குற்றம் இல்லை. வகுப்பு முடிந்ததும் அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவருவதுதான் ஒதுக்கிவிடும். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு, ஒன்பது மணிவரை அவன் வளாகத்திலேயே இருந்து, அங்கேயே சாப்பிட்டு, கூட்டாகப் படித்துவிட்டு வரட்டும், அந்த நாட்களில் “சாப்பாடு ஆறுகிறது, எங்கே இருக்கிறாய்?” என்று அழைக்காதீர்கள். வளாகத்தில் மாறி வந்த மாணவர்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வகுப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பையை வைத்துவிட்டு உட்கார ஓர் இடமாகவாவது அது பயன்படும். இடைத்தேர்வு வாரங்களில் உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அவனை இழுத்துச் செல்லாமல் இருப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.